பாத்தியிலிருந்து ஜாடி வரை: இயற்கை முறையில் காய் விளைவித்து, புளிக்க வைத்து, அளவோடு உண்ண முழுமையான வழிகாட்டி

உப்பில் போட்ட காய் வழுவழுத்துப் போனால் உப்பைக் குறை சொல்வோம், ஜாடியைக் குறை சொல்வோம். பல நேரம் கோளாறு அதற்கு இரண்டு மாதம் முன்பே, காய் விளைந்த மண்ணில் தொடங்கியிருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அளவுக்கு மீறிக் கிடைத்த முட்டைக்கோஸ் மளமளவென்று பெருக்கும். அந்த இலையில் தண்ணீரும், செடி மண்ணிலிருந்து உறிஞ்சும் தழைச்சத்து வடிவமான நைட்ரேட்டும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். நீர்ப்பிடிப்பு மிகுந்த இலை ஜாடியில் சீக்கிரம் குழையும், நைட்ரேட் மிகுந்த இலை புளிக்கும்போது உடலுக்கு ஆகாத நைட்ரைட்டைக் கூடுதலாக வெளியிடும். அதனால் நல்ல ஊறுகாய் வேண்டுமென்றால் விதைக்கும் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டியும் மண்ணில்தான் தொடங்குகிறது.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். ஊறுகாய் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு. காயைக் கொஞ்சம் உப்பில் (2 முதல் 4 சதவீதம்) ஊற வைத்து, அதன் மேலேயே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவால் புளிக்க வைப்பது முதல் வகை. வினிகரில் போடுவது இரண்டாவது. மிகுந்த உப்பும் எண்ணெயும் சேர்த்து மாதக்கணக்கில் வைப்பது மூன்றாவது. உயிருள்ள பாக்டீரியாவுக்காக உண்பதென்றால் முதல் வகைதான். இங்கே விரிவாகச் சொல்லப்போவதும் அதைத்தான். மற்ற இரண்டும் சுவைக்கும் சேமிப்புக்கும் நல்லவை, ஆனால் வேலை வேறு.

மண்ணைச் சோதித்துப் பார்ப்பது

இயற்கை வேளாண்மை என்றால் நிலத்தைச் சும்மா விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஜப்பானின் ஷிகோகு தீவில் உழாமல், ரசாயன உரமோ பூச்சிமருந்தோ போடாமல், களையை அடியோடு பிடுங்காமல் பயிர் செய்து காட்டிய மசனோபு ஃபுகுவோகா (1913–2008) தொடக்கத்தில் இதே தவறைச் செய்தவர்தான். ஏற்கெனவே கவாத்து செய்து வளர்த்த ஆரஞ்சு மரங்களைத் திடீரென்று கைவிட்டார். கிளைகள் ஒன்றோடொன்று சிக்கின, பூச்சி தாக்கியது, மரங்கள் பட்டுப்போயின. பழக்கப்படுத்திய நிலமும் அப்படித்தான். தன் காலில் நிற்கும் வரை அதற்குக் கைகொடுக்க வேண்டும். எவ்வளவு கைகொடுப்பது என்பதை மண்தான் சொல்லும்.

அதைக் கேட்க இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, மண்ணில் மணல், வண்டல், களி ஆகியவற்றின் விகிதம். 15 செ.மீ. ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை ஒரு நேரான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, மீதியைத் தண்ணீரால் நிரப்பி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அடுத்த 2 மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்துப் படிவது களி. ஒவ்வொரு அடுக்கின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, தண்ணீர் இறங்கும் வேகம். 15 செ.மீ. விட்டமுள்ள, இரு முனையும் திறந்த தகர டப்பாவையோ குழாய்த் துண்டையோ மண்ணில் 5 செ.மீ. இறக்கி, 450 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். 25 மி.மீ. மழைக்கு அது சமம். அது முழுக்க இறங்கிய பிறகு இன்னொரு 450 மி.லி. ஊற்றி நேரம் பாருங்கள். இரண்டாவது ஊற்றலை மட்டும் கணக்கில் எடுங்கள், ஏனென்றால் காய்ந்த மண் முதல் தண்ணீரை எப்படியும் வேகமாக உறிஞ்சும். அரை மணிக்குள் இறங்கினால் மண் தளர்வாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இறுகிக் கிடக்கிறது.

இறுகிய மண்ணை மட்டும் ஒரே ஒருமுறை தளர்த்தலாம். கடப்பாரையை 20 செ.மீ. இடைவெளியில் 25 செ.மீ. ஆழம் குத்தி, முன்னும் பின்னும் அசைத்து எடுத்துவிடுங்கள். மண்ணைப் புரட்டக் கூடாது. புரட்டினால் அடியில் உறங்கும் களை விதைகள் வெளிச்சம் பட்டு முளைக்கும், பூஞ்சை இழைகள் அறுந்துபோகும், மண்ணில் இருக்கும் அங்ககப் பொருள் காற்றோடு சேர்ந்து வேகமாகக் கரையும். உழவில்லா முறைக்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

பாத்தி போடுவது

அகலம் 1.2 மீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் இரு பக்கமிருந்தும் கை எட்டும், பாத்தியில் கால் வைக்கவே வேண்டாம். நீளம் 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 3 சதுர மீட்டர் வரும்.

இருக்கும் களையைத் தரையோடு அறுத்து அங்கேயே படுக்க வையுங்கள், வேரைப் பிடுங்க வேண்டாம். நன்றாகத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, டேப்பும் பளபளப்பு அச்சும் நீக்கிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறும்படி பரப்பி, மறுபடி நனையுங்கள். அதன்மேல் நன்கு மட்கிய உரம் 5 செ.மீ. இந்தப் பாத்திக்கு 150 லிட்டர் ஆகும், அதாவது 15 லிட்டர் வாளியில் பத்து வாளி. அதற்கும் மேலே வைக்கோல், காய்ந்த இலை, புல் என்று 10 முதல் 12 செ.மீ. மூடாக்கு.

கோரை இருக்கும் நிலத்தில் அட்டையை நம்பாதீர்கள். அதன் முனை அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கோரைக்கு நிழல் ஆகாது. அங்கே முதல் பருவத்தில் காயே போடாமல் பயறு வகையை நெருக்கமாக விதைத்து, தலைகாட்டும் கோரையை வாரம் ஒருமுறை தரையோடு வெட்டிக்கொண்டே வந்தால் கிழங்கின் சேமிப்பு தீர்ந்து வலுவிழக்கும். பொறுமை வேண்டும். ஒரே பருவத்தில் தீராது.

மூடாக்கில் அடிக்கடி நடக்கும் தவறு, வைக்கோலை மண்ணோடு கலந்துவிடுவது. வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு 1:30 அளவில் தேவைப்படும் என்பதால், குறையும் நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் வெளிறி நின்றுவிடும். மேலே பரப்பினால் இந்த இழுபறி மண்ணின் மேல்தோலில் மட்டுமே நடக்கும், வேருக்குப் பாதிப்பில்லை. கலந்துவிட்டு நாற்று மஞ்சளாகிவிட்டதா? கலந்த வைக்கோலை முடிந்தவரை வாரி எடுத்துவிட்டு, செடியைச் சுற்றி சலித்த மட்கு உரம் 2 செ.மீ. போடுங்கள்.

மூடாக்கைத் தண்டோடு ஒட்டி வைத்தால் தண்டு அழுகும், நத்தை குடியேறும். நாற்று 15 செ.மீ. உயரம் வரும் வரை சுற்றிலும் ஒரு சாண் விட்டு வையுங்கள். நேரடி விதைப்பு என்றால் 10 செ.மீ. அகலத்துக்கு மூடாக்கை ஒதுக்கி விதைத்து, முளைத்து வளர்ந்தபின் திரும்ப இழுத்து மூடலாம். கேரட், முள்ளங்கி போன்ற வேர்க்காய்களை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. அட்டை மட்காத பாத்தியில் கேரட் கவட்டையாகப் பிளக்கும்.

முதலாண்டு 5 செ.மீ. மட்கு உரம் போட்டோம் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் அதே அளவு போட வேண்டாம். அடுத்த ஆண்டிலிருந்து 2 செ.மீ. போதும். அதற்கு மேல் போட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தேவைக்கு மேல் தேங்கும், இலைக்காய்களில் நைட்ரேட் ஏறும். இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டால் என்ன என்ற எண்ணம் ஊறுகாய்க்கென்று விளைவிப்பவருக்கு ஆகாது.

தழைச்சத்துக்கு முக்கிய ஆதாரம் பயறு வகை. சதுர மீட்டருக்கு 5 கிராம் விதை தூவி, பூவெடுக்கும் தருணத்தில், ஏறக்குறைய 45 நாளில், தரையோடு அறுத்து மூடாக்காகப் போட்டுவிடுங்கள். காய் பிடிக்க விட்டால் சத்து விதைக்குப் போய்விடும். அறுக்கும் முன் ஒரு செடியை மட்டும் பிடுங்கி வேர்முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. அந்த நிலத்தில் அடுத்தமுறை அதே பயறுக்கான வேர்முடிச்சு பாக்டீரியாவை (ரைசோபியம்) விதையில் கலந்து விதைக்க வேண்டும்.

சாணத்தில் தவறக் கூடாத ஒரு கணக்கு

புளிக்க வைக்கும் காயை நாம் வேக வைப்பதில்லை. அதனால் பச்சைச் சாணம், மட்காத கோழி எரு ஆகியவற்றோடு விளையாடக் கூடாது. உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிருக்கு, பச்சை எரு இட்ட நாளுக்கும் அறுவடைக்கும் இடையே குறைந்தது 120 நாள் இருக்க வேண்டும். மண்ணில் படாத பயிருக்கு 90 நாள். அமெரிக்க அங்கக வேளாண் விதியில் உள்ள அளவு இது, வீட்டுத் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்தும். முள்ளங்கி 45 நாளில் வந்துவிடும், அதற்குப் பச்சை எரு என்ற பேச்சே கிடையாது. குவியலாகப் போட்டு மட்க வைப்பதாக இருந்தால், உள்சூடு 55 டிகிரியைத் தாண்டி 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் இருப்பதும் நடுச்சூட்டுக்கு வரும்.

ஊறுகாய்க்கென்று காய் விளைவிப்பது

இறுக்கமாகத் தலை கட்டும் முட்டைக்கோஸ் ரகம்தான் ஊறுகாய்க்கு ஏற்றது. செடிக்குச் செடி 45 செ.மீ. விட்டு இரண்டு வரிசை நட்டால் 3 சதுர மீட்டரில் 10 முதல் 12 செடி நிற்கும். நட்டதிலிருந்து ரகத்தைப் பொறுத்து 70 முதல் 100 நாள். தலைக்கு 1 கிலோ என்று வைத்தாலும் 10 கிலோ கிடைக்கும். ஒருவருக்கு நாளுக்கு 50 கிராம் என்று நான்கு பேர் உண்டால் மாதம் 6 கிலோ. ஆக, ஒரு பாத்தி ஒன்றரை மாதத்துக்கும் சற்று மேல் தாங்கும். தலை முற்றும் நேரத்தில் காயவிட்டுத் திடீரென்று தண்ணீர் கட்டினால் தலை வெடிக்கும். வெடித்ததை அன்றே ஜாடியில் போட்டுவிடலாம், வைத்திருந்தால் உள்ளே அழுகும்.

முட்டைக்கோஸ் புழுவுக்கு மருந்து தேடுவதற்கு முன் வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் முட்டைக் குவியலை விரலால் நசுக்குவதற்கு ஒரு பாத்திக்குப் பத்து நிமிடம் ஆகாது. கொத்தமல்லியைப் பூக்கவிட்டால் புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் தேனுக்கு வரும். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் லிட்டருக்கு 5 மி.லி., தலை கட்டும் முன்போடு நிறுத்திவிடுங்கள். தலை மூடியபின் தெளித்தால் இலையடுக்குக்குள் கசப்பு தங்கும், ஊறுகாயிலும் அது தெரியும். அதே பாத்தியில் முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுவது பயிர்ச்சுழற்சி ஆகாது. மூன்றும் ஒரே குடும்பம். மூன்று ஆண்டாவது இடைவெளி வேண்டும்.

வெள்ளரி 8 முதல் 12 செ.மீ. நீளத்திலேயே பறிக்க வேண்டும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு காயை முற்றவிட்டால் கொடி அதோடு காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்டுவிட்டுக் கிடைத்தால் கசப்பு ஏறும், எத்தனை நாள் ஊறினாலும் அந்தக் கசப்பு போகாது. பறித்ததைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதப்பது உள்ளே கூடாக இருக்கும். அதைப் பச்சையாகவே தின்றுவிடலாம், ஜாடியில் போட்டால் வீங்கிக் குழையும்.

அறுவடையைக் காலையில் வைத்துக்கொண்டால் காய் மொறுமொறுப்பாக இருக்கும். இலைக்காய்க்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் இரண்டு மூன்று வெயில் நாள் காத்திருந்து அறுங்கள். வெளிச்சம் குறைந்தால் செடி தான் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற முடியாமல் இலையில் தேக்கி வைத்துக்கொள்ளும். பறித்த 24 மணி நேரத்துக்குள் ஜாடிக்குப் போய்விட வேண்டும்.

முட்டைக்கோஸ் ஜாடி, படிப்படியாக

வேண்டியது ஒரு டிஜிட்டல் தராசு. கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. ஒரு கரண்டி தூள் உப்பின் எடையும் ஒரு கரண்டி கல் உப்பின் எடையும் ஒன்றாக இருக்காது. ஊறுகாய் கெட்டுப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் நடக்கிறது என்பது எங்கள் கணிப்பு. கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இல்லாத உப்பாக இருந்தால் நீர் கலங்காது.

வெளி இலைகள் இரண்டு மூன்றை உரித்து, அதில் நல்லதாக ஒன்றை எடுத்து வையுங்கள். மீதித் தலையை ஓடும் தண்ணீரில் லேசாக அலசினால் போதும். சோப்போ, வினிகரோ, வெந்நீரோ வேண்டாம். நமக்கு வேண்டிய பாக்டீரியா இலையின் மேல்தான் இருக்கிறது, அதுவும் கொஞ்சமாகத்தான். நடுத்தண்டை நீக்கி, 2 முதல் 3 மி.மீ. அகலத்தில் சீவுங்கள். சீவியதை எடை போட்டு, கிலோவுக்கு 22 கிராம் உப்பு. அறை வெப்பம் 28 டிகிரிக்கு மேல் என்றால் 28 முதல் 30 கிராம்.

உப்பைத் தூவி 15 நிமிடம் விட்டுவிட்டுப் பிசையத் தொடங்குங்கள். முதலில் இலை விறைப்பாக நிற்கும், கைக்குள் சரசரக்கும். ஐந்து நிமிடத்தில் நிறம் மாறிக் கண்ணாடி போல ஆகும், சத்தம் அடங்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்ட வேண்டும். அதுதான் பதம். சொட்டவில்லையென்றால் இன்னும் பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிசையுங்கள், அவசரப்பட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

வெந்நீரில் கழுவி ஆறிய கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் பிடிபிடியாகப் போட்டு, ஒவ்வொரு பிடியையும் முட்டியால் அமுக்குங்கள். காற்று இடைவெளி இருக்கக் கூடாது. மேலே 5 செ.மீ. காலி விடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் பொங்கி வழியும். எடுத்து வைத்த முழு இலையை மடித்து மேலே போர்த்தி, அதன்மேல் கண்ணாடி எடையோ, உப்புநீர் ஊற்றிக் கட்டிய உணவுத்தரப் பையோ வையுங்கள். நீர் மட்டம் காய்க்கு 2 செ.மீ. மேலே நிற்க வேண்டும். மறுநாளும் நீர் ஏறவில்லையென்றால் லிட்டருக்கு 25 கிராம் உப்பு கரைத்த நீரைச் சேர்க்கலாம். வெறும் தண்ணீர் சேர்த்தால் உப்பின் விகிதம் இறங்கிவிடும்.

உள்ளே நடப்பது இதுதான். முதல் மூன்று நாள் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா பெருகி, அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளிவிட்டு ஜாடியில் இருக்கும் காற்றை வெளியேற்றும். குமிழி தெரிவதும் லேசாகக் கந்தக வாடை வருவதும் அப்போதுதான். அமிலம் ஏறியதும் அது ஒடுங்கி, அமிலம் தாங்கும் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் பொறுப்பேற்று முடித்துவைக்கும். இந்த வரிசை ஒழுங்காக நடக்க 18 முதல் 22 டிகிரி ஏற்றது, 4 முதல் 6 வாரம் ஆகும். 25 டிகிரியில் 2 முதல் 3 வாரம். 30 டிகிரியை ஒட்டினால் 7 முதல் 10 நாளில் புளித்துவிடும், உடனே குளிர்பதனப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். வெப்பம் கூடினால் முதல் கட்டம் சுருங்கிப்போவதால் சுவை ஒற்றையாக, வெறும் புளிப்பாக இருக்கும். மெதுவாகப் புளித்ததன் நறுமணம் அதில் வராது.

இறுக்கமான மூடி என்றால் முதல் வாரம் தினமும் ஒருமுறை தளர்த்தி வாயுவை விடுங்கள். கை போட்டுக் கிளற வேண்டாம்.

முடிந்துவிட்டதா என்று பார்க்க புளிப்பை அளக்கும் பி.எச். தாள் வாங்கிக்கொள்ளுங்கள். எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். 4.6க்குக் கீழே போனால் பாட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. நாம் எதிர்பார்ப்பது 4.0க்குக் கீழ், நன்றாகப் புளித்தது 3.5ஐ ஒட்டி நிற்கும். ஒரு வாரம் கழித்தும் 4.6க்கு மேலேயே இருந்தால் அந்த ஜாடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வெள்ளரி, முள்ளங்கி, கேரட்

முழுக்காய்க்குத் தானாக நீர் விடாது, அதனால் உப்புநீர் ஊற்ற வேண்டும். உப்பைத் தண்ணீருக்கு மட்டும் கணக்கிடுவது பெருந்தவறு. காய்க்குள் இருக்கும் நீரும் சேர்ந்து உப்பைப் பங்குபோட்டுக்கொள்ளும். காயும் தண்ணீரும் சேர்ந்த மொத்த எடைக்குக் கணக்குப் போடுங்கள். 1 கிலோ வெள்ளரிக்கு 1 லிட்டர் தண்ணீர், மொத்தம் 2 கிலோ, அதில் 3.5 சதவீதம், ஆக 70 கிராம். வெள்ளரியின் பூ நுனியை 2 மி.மீ. அளவு சீவிவிட மறக்காதீர்கள். காயைக் குழைக்கும் நொதி அங்கேதான் தங்கியிருக்கும், காம்பு நுனியில் இல்லை. இரண்டு திராட்சை இலை சேர்த்தால் மொறுமொறுப்பு நிற்கும்.

முள்ளங்கியையும் கேரட்டையும் 1 செ.மீ. குச்சிகளாக நறுக்கி, இதே முறையில் மொத்த எடைக்கு 2.5 முதல் 3 சதவீதம். முள்ளங்கி ஜாடியைத் திறந்தவுடன் வரும் நாற்றத்தைப் பார்த்துப் பலர் கொட்டிவிடுகிறார்கள். அது முள்ளங்கியின் இயல்பான கந்தக வாடை, கிண்ணத்தில் எடுத்து வைத்தால் சற்று நேரத்தில் தணியும்.

எது கெட்டது, எது கெடவில்லை

நீரின் மேல் வெள்ளையாக, மடிப்பு மடிப்பாக மெல்லிய ஆடை படிந்தால் அது காற்று பட்டு வளரும் ஈஸ்ட். வாரி எடுத்துவிட்டு, காயை நீருக்குள் அமுக்கிவிடலாம். பஞ்சு போல மயிரோடு, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தால் பூஞ்சணம். மேலே உள்ளதை மட்டும் எடுத்துவிட்டு அடியில் இருப்பதை உண்ணலாம் என்று சொல்வதை ஏற்க வேண்டாம். இழை கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும், முழு ஜாடியும் குப்பைக்குத்தான்.

காயே இளஞ்சிவப்பானால் உப்பு சீராகக் கலக்காமல் ஓரிடத்தில் கூடியிருக்கிறது, அதையும் உண்ண வேண்டாம். நீர் சளி போல இழுத்தால் உப்பு குறைவு அல்லது சூடு அதிகம். தொடக்கத்தில் லேசாக வழவழப்பு வந்து ஒரு வாரத்தில் தானே மறைவதும் உண்டு, மறையாவிட்டால் கொட்டிவிடுங்கள். மேல் அடுக்கு மட்டும் பழுப்பானால் நீருக்கு வெளியே நின்றிருக்கிறது. பூண்டு நீலமாக மாறினால் பயப்பட வேண்டாம், அமிலத்தோடு அதன் கந்தகச் சேர்மங்கள் வினைபுரிவதால் வரும் நிறம் அது. மலநாற்றமோ அழுகிய இறைச்சி வாடையோ வந்தால் சுவைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

எண்ணெய் பற்றி ஒரு எச்சரிக்கை. எண்ணெய் தானாக எதையும் கெடாமல் வைப்பதில்லை, காற்றைத் தடுக்கிறது, அவ்வளவுதான். காற்றில்லாத இடம்தான் பாட்டுலிசக் கிருமிக்குப் பிடித்த இடம். எண்ணெய் ஊறுகாயைக் காப்பது அதில் உள்ள புளிப்பும் கடும் உப்பும். பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு அறை வெப்பத்தில் வைப்பது உயிருக்கே ஆபத்து. வினிகர் ஊறுகாய்க்கு 5 சதவீத அமிலம் உள்ள வினிகரை, தண்ணீரோடு சரிபாதிக்கு மேல் நீர்க்காமல் பயன்படுத்துங்கள்.

தட்டில் எவ்வளவு

உப்பிலிருந்து தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் கீழ், எல்லா உணவும் சேர்ந்து. 2.5 சதவீத உப்பில் புளித்த காய் 50 கிராம் உண்டால் 1.25 கிராம் உப்பு போகிறது, நாள் வரம்பில் கால் பங்கு. 12 சதவீத உப்பில் போட்ட எண்ணெய் ஊறுகாய் 15 கிராமிலேயே 1.8 கிராம் போய்விடும். எனவே குறைந்த உப்பில் புளித்ததை ஒரு காய்கறி போலக் கொஞ்சம் தாராளமாகவும், கடும் உப்பு ஊறுகாயை விரல் நுனியில் தொட்டுக்கொள்ளும் அளவிலும் வைத்துக்கொள்வதே சரி. புளித்த காய் வைக்கும் வேளையில் மற்ற பதார்த்தத்தில் உப்பைக் குறையுங்கள். அந்த ஊறுநீரையே உப்புக்குப் பதில் ஊற்றலாம்.

பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம், பிறகு மெல்லக் கூட்டி 50 கிராம் வரை போகலாம். திடீரென்று அதிகம் உண்டால் வயிறு உப்பும். கொதிக்கும் உணவில் சேர்த்தால் பாக்டீரியா செத்துவிடும், சுவைதான் மிஞ்சும். பரிமாறும்போது மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

நன்மை பற்றிப் பேசும்போது அளவோடு பேச வேண்டும். 2021இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான 36 பேரில் ஒரு பிரிவினருக்கு 10 வாரம் புளித்த உணவுகளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவர்களின் குடல் நுண்ணுயிர் வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. ஆனால் அதில் தயிர் போன்றவையும் இருந்தன, காய் மட்டும் அல்ல, எண்ணிக்கையும் சிறியது. புளித்த காயில் வைட்டமின் சி ஓரளவு தங்கும், நார்ச்சத்து தங்கும். பி12 அதில் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1993இல் ஆசிய மரபு முறையில் ஊற வைத்த காய்கறிகளை 2பி பிரிவில், ‘மனிதருக்கு ஒருவேளை புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை’ பட்டியலில் சேர்த்தது. அளவு மீறிய உப்பு, பூஞ்சணம், நைட்ரைட்டிலிருந்து உருவாகும் நைட்ரோசமைன் என்ற சேர்மம் ஆகியவைதான் கவலைக்குக் காரணங்கள். மூன்றையும் நம் கையால் குறைக்க முடியும். உப்பை எடை போடுகிறோம், பூஞ்சணம் வந்ததைக் கொட்டுகிறோம். நைட்ரைட் விஷயத்தில் காலம் முக்கியம். புளிக்கத் தொடங்கிய முதல் சில நாட்களில் நைட்ரைட் உச்சத்துக்குப் போய், அமிலம் ஏற ஏறக் குறையும். உப்பில் பிசறிய காயை அன்றே உண்ணலாம், அல்லது முழுக்கப் புளித்தபின் உண்ணலாம். இரண்டாம் நாளிலிருந்து குமிழி அடங்கும் வரையுள்ள அரைப்புளிப்புக் காயைத் தவிர்த்துவிடுங்கள். இலைக்காய்க்கு இது கட்டாயம்.

உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து உண்பவர்களுக்கு முட்டைக்கோஸில் உள்ள வைட்டமின் கே முக்கியம், திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. எம்.ஏ.ஓ. தடுப்பு வகை மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் புளித்த உணவில் உள்ள டைரமைன் என்ற சேர்மம் காரணமாக அதை ஒதுக்கிவிட வேண்டும். புளித்த உணவில் சேரும் ஹிஸ்டமின் என்ற சேர்மம் ஒவ்வாதவர்களுக்குத் தலைவலியோ தடிப்போ வரலாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் வீட்டில் புளித்ததைப் பச்சையாக உண்ண வேண்டாம்.

ஜாடியிலிருந்து மீண்டும் பாத்திக்கு

உரித்த வெளி இலை, நடுத்தண்டு, சீவல் எல்லாம் மட்குக் குவியலுக்குப் போகட்டும். ஊறுநீர் மட்டும் பாத்திக்குப் போகக் கூடாது. நுண்ணுயிர் நிறைந்தது என்று சொல்லிச் சிலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். லிட்டருக்கு 25 கிராம் உப்பு இருக்கும் நீர் அது. பாசன நீரில் லிட்டருக்கு 2 கிராம் இருந்தாலே பல காய்கறிப் பயிர்கள் திணறும். சமையலில் உப்புக்குப் பதில் தீர்த்துவிடுவதே வழி.

தலை அறுத்த முட்டைக்கோஸின் வேரைப் பிடுங்க வேண்டாம், தரையோடு வெட்டி விட்டுவிடுங்கள். வேர் மட்கிய இடத்தில் தண்ணீரும் காற்றும் இறங்கத் துளை கிடைக்கும். வேரில் கரணை கரணையாக வீக்கம் தெரிந்தால் மட்டும் தோண்டி எடுத்து எரித்துவிட வேண்டும். அது வேர்க்கரணை நோய், மண்ணில் பல ஆண்டு தங்கும். இரண்டு அடிக்கட்டைக்கு நடுவே மூடாக்கை ஒதுக்கிப் பயறு விதைகளை 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றிவிட்டால், ஜாடியில் புளித்த முட்டைக்கோஸை உண்டு தீர்ப்பதற்குள் பாத்தியில் அவை பூவெடுக்கும் நிலைக்கு வந்திருக்கும்.